கூரையைப் பிடித்திருப்பது எது?

வட பேராக்கில் உள்ள பாரிட் புந்தாரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல்வயல்கள். தடுப்பதற்கு மலை இல்லாத இந்தச் சமவெளியில் காற்று வேகம் குறையாமல் வீடுகளை வந்தடைகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மலாக்கா நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியற்காலையில் வீசும் சூறைக்காற்றுக்குச் ‘சுமாத்ரா’ என்றே பெயர். பெரும்புயல்கள் நம் நாட்டைத் தாக்குவது அரிது. 2001 டிசம்பர் 27ஆம் நாள் ஜொகூரில் கரையேறிய ‘வாமேய்’ அத்தகைய அரிய புயல்களுள் ஒன்று. ஆனால், பலவீனமான கூரை பறக்கப் பெரும்புயல் வர வேண்டியதில்லை. மாலை நேர இடிமழையோடு வரும் காற்றே போதும்.

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், விளிம்பைத் தாண்டிக் காற்று விரையும்போது கூரையின் மேல் அழுத்தம் குறைகிறது. கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. அந்நேரம் கதவோ சன்னலோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், கீழிருந்தும் தள்ளப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 48 கிலோகிராம் எடைக்குச் சமம். அதே பரப்பளவுள்ள கூரைத் தகரத்தின் எடையோ சுமார் 5 கிலோகிராம்தான்! வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே, கூரையைப் பிடித்திருப்பவை அதன் பிணைப்புகளே.

இதனை ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ‘டிரேசி’ புயல் அந்நகரின் பெரும்பாலான வீடுகளை அழித்தது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும் அல்லவா? அதுபோலவே, காற்று இழுத்து இழுத்து விட்டதில் திருகாணிகளைச் சுற்றித் தகரம் விரிசல் கண்டு கிழிந்தது. அதன்பின் அங்குக் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கூரை சுவரோடு எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதையும் பார்க்கும் வீட்டுச் சோதனை நடைபெறுகிறது; உறுதியான வீட்டுக்குக் காப்புறுதிக் கட்டணமும் குறைகிறது.

நம் வீட்டில் எதைப் பார்ப்பது? காற்றின் இழுவிசை தகரத்திலிருந்து திருகாணிக்கும், அதிலிருந்து சட்டத்துக்கும், கைமரத்துக்கும், இறுதியில் சுவருக்கும் செல்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றவற்றின் வலிமை பயன்படாது. தரையில் நின்றபடியே துருவேறிய திருகாணிகளையும் விளிம்பில் தூக்கி நிற்கும் தகரத்தையும் காணலாம். மழைநீர் ஒழுகும் இடத்தில் சட்டம் உளுத்திருக்கலாம். பழைய தோட்டப்புற லயத்து வீடுகளில் கரையானையும் தேடவேண்டும். கைமரம் சுவரோடு சேருமிடத்தில் ஆணி மட்டும் உள்ளதா, இரும்புப் பட்டை உள்ளதா என்பதே முக்கியமான கேள்வி. நேராக அடித்த ஆணி, நேராகவே கழன்று வரும். கூரைமேல் ஏறிப் பார்க்கும் வேலையை அனுபவமுள்ள குத்தகையாளரிடம் விட்டுவிடுங்கள்.

தாமான் வீடுகளில் வாகனம் நிறுத்துவதற்காகப் பின்னர் இணைக்கும் முன்கூரையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பேன். மூன்று பக்கமும் திறந்திருப்பதால் காற்று அதன் அடியில் எளிதில் புகும். அது பிய்ந்து பறந்தால், அடுத்த வீட்டாரையும் சாலையில் செல்வோரையும் வெட்டிவிடும். இதைத் தடுக்கப் புதிய கூரை தேவைப்படாமலும் போகலாம். தூண்கள் உறுதியாக இருந்தால், சில இரும்புப் பட்டைகளையும் துருவேறாத திருகாணிகளையும் வைத்தே ஒரு நாளில் வேலையை முடித்துவிடலாம்.