காபிக் கொட்டை: கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

‘‘வழக்கமா வாங்குறதுதாங்க... அரைக் கிலோ அரைச்சுக் கொடுங்க!’’

காபிக் கடையில் நம்மில் பெரும்பாலோர் சொல்வது இவ்வளவுதான். வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். ஆனால் தினமும் இரண்டு, மூன்று வேளை வயிற்றுக்குள் போகிற காபிக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை!

‘காபி உடம்புக்கு ஆகுமா, ஆகாதா?’ என்று கவலைப்படுகிறவர்கள்கூட எத்தனை டம்ளர் என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். டம்ளர் கணக்கு பாதிதான். எந்தக் கொட்டை, எவ்வளவு வறுவல், எவ்வளவு சிக்கரி என்பது மீதிப் பாதி. உங்கள் வீட்டு டம்ளரும் பக்கத்து வீட்டு டம்ளரும் ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் அதிலுள்ள கஃபீன் ஒன்றுக்கு இரண்டாக இருக்கலாம். இரவில் தூக்கம் வராமல் புரளுவதற்கும், நெஞ்சு படபடப்பதற்கும் சில சமயம் காரணம் கடையில் வாங்கிய தூள்தான்.

அதனால் அடுத்த முறை கடைக்குப் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

இருப்பது இரண்டே ஜாதி

நம் ஊர் கடைகளில் கிடைக்கும் காபிக் கொட்டை இரண்டே வகைதான். ஒன்று அராபிகா. இன்னொன்று ரொபஸ்டா.

அராபிகா குளிர்ச்சியான, உயரமான மலைப்பகுதியில் விளைவது. ஏற்காடு, கொடைக்கானல் மலையின் கீழ்ப்பகுதி, சிறுமலை, நீலகிரி, கர்நாடகத்தின் சிக்மகளூர் இங்கெல்லாம் உண்டு. கொட்டை சற்று நீளவாட்டில் தட்டையாக இருக்கும். நடுக்கோடு கொஞ்சம் வளைந்து ஓடும். மணம் தூக்கலாகவும் கசப்பு குறைவாகவும் இருக்கும். விலையும் பெரும்பாலும் கூடுதல்தான்.

ரொபஸ்டா தாழ்வான, வெப்பமான மலைச்சரிவில் விளைவது. கேரளத்தின் வயநாட்டிலும், கர்நாடகத்தின் குடகிலும் அதிகம். கொட்டை குண்டாக, உருண்டை வாட்டத்தில் இருக்கும். நடுக்கோடு நேராக இருக்கும். டிகாக்‌ஷன் திக்காக இறங்கும். கசப்பு அதிகம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அராபிகாவில் கஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம். ரொபஸ்டாவில் ஏறக்குறைய 2.2 சதவீதம். ‘ஒரு சதவீதம்தானே வித்தியாசம்!’ என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

20 கிராம் தூளில் டிகாக்‌ஷன் இறக்கி நான்கு டம்ளர் காபி போடுகிறீர்கள். தூள் சுத்தமான அராபிகாவாக இருந்தால் மொத்தம் 240 மில்லிகிராம் கஃபீன். ஒரு டம்ளருக்கு 60. அதுவே முழுக்க ரொபஸ்டாவாக இருந்தால் மொத்தம் 440. ஒரு டம்ளருக்கு 110! நாளைக்கு மூன்று டம்ளர் குடிப்பவருக்கு முதல் வகையில் 180 மில்லிகிராம். இரண்டாவது வகையில் 330.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், கஃபீன் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. தூளில் உள்ளது முழுவதும் டிகாக்‌ஷனில் இறங்கிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் மூன்றே டம்ளரில் எல்லையைத் தொட்டுவிடுகிறோம் பாருங்கள்!

ஏ, பி, பீபரி... இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

கடைப் பலகையில் ‘பிளாண்டேஷன் ஏ’, ‘பிளாண்டேஷன் பி’, ‘பீபரி’, ‘செர்ரி’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஏ என்றால் முதல் தரம், பி என்றால் இரண்டாம் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாகக் கொட்டையின் அளவைக் குறிக்கும் எழுத்து. 6.65 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் நிற்பது ஏ. 6 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது பி. பெரிய கொட்டை ஒரே சீராக வறுபடும் என்பது அதன் லாபம்.

* பிளாண்டேஷன்: பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. சுவை சுத்தமாக இருக்கும்.

* செர்ரி: பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து உடைத்து எடுத்த கொட்டை. அராபிகாவிலும் உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. ‘செர்ரி’ என்றால் எந்த செர்ரி என்று கேளுங்கள்.

* பீபரி: காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதைகள் ஒன்றையொன்று ஒட்டித் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று மட்டும் உருண்டையாக வளரும். அதுதான் பீபரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும் உருளையில் நன்றாகப் புரண்டு சீராக வறுபடும். ஆனால் பீபரி தனி ஜாதி அல்ல. ரொபஸ்டாவிலும் பீபரி உண்டு. ‘பீபரி’ என்று சொல்லிவிட்டதாலேயே கஃபீன் குறைவு என்று அர்த்தம் கிடையாது.

கறுக்க வறுத்தால் ஸ்டிராங்கா?

இல்லை! கறுப்பு நிறமும் கசப்பும் வறுவலால் வருபவை. அதனால் கஃபீன் கூடிவிடாது. இளவறுவலிலும் கருவறுவலிலும் ஒரு கொட்டையில் உள்ள கஃபீன் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃபில்டர் காபிக்கு நடுத்தர வறுவலே ஏற்றது. கொட்டை நல்ல பழுப்பு நிறத்தில், ஒரே சீராக இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய கொட்டைகள் இருந்தால் அவை பழுக்காத காயிலிருந்து வந்திருக்கலாம். உடைசல், பூச்சித் துளை, பூசண வாடை இருந்தால் வாங்காதீர்கள்.

மேலே எண்ணெய் பளபளப்பது ‘புதுசு’ என்பதன் அடையாளம் அல்ல. மிகக் கறுப்பாக வறுத்தாலும் எண்ணெய் வெளியே வரும். வறுத்து நாள் பல ஆனாலும் வரும். முகர்ந்து பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை அடித்தால் பழசு.

இதில் சர்க்கரைக் கணக்கும் ஒன்று ஒளிந்திருக்கிறது. தூள் கசந்தால் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 8 முதல் 10 கிராம். மூன்று டம்ளருக்கு 30 கிராம்வரை போய்விடும். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல அராபிகாவை அளவாக வறுத்து வாங்கினால், ஒரு ஸ்பூன் குறைத்தாலும் நாக்கு முகம் சுளிக்காது.

சிக்கரி: நண்பனா, எதிரியா?

சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் காபி போலவே நிறமும் கசப்பும் வரும். அதில் கஃபீன் துளியும் இல்லை. அளவாகச் சேர்த்தால் டிகாக்‌ஷன் நிறமாக, கெட்டியாக இறங்கும். கஃபீனும் அந்த அளவுக்குக் குறையும். சிலருக்கு மட்டும் வயிற்றில் வாயு சேரும்.

பிரச்னை சிக்கரியில் இல்லை, அளவில் இருக்கிறது. காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அப்படியென்றால், 49 சதவீதம் சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரியான பாக்கெட்தான்! காபி விலை கொடுத்துப் பாதி வேரை வாங்கி வருகிறோம். பின்புறம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள். 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி என்பது போதும். கண்ணெதிரே கலந்து அரைத்துத் தரும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காபித் தூள் மிதக்கும். சிக்கரி சில விநாடிகளில் பழுப்பு நிறக் கோடு விட்டபடி அடியில் இறங்கும். இன்னொரு டம்ளரில் அரை ஸ்பூன் தூளைப் போட்டு ஒரு நிமிடம் கலக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் போலப் படிந்தால் களிமண் கலப்படமாக இருக்கலாம்.

எவ்வளவு வாங்குவது? எப்படி வைப்பது?

மாதத்துக்கு ஒரே முறை ஒரு கிலோ வாங்குவது வசதிதான். ஆனால் அரைத்த நிமிடத்திலிருந்தே மணம் பறக்க ஆரம்பித்துவிடும். தூளாக வாங்கினால் பத்து, பதினைந்து நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வீட்டில் அரைக்க வசதி இருந்தால் கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைப்பது உத்தமம். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அடுப்பு மேடையை விட்டுத் தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்து மூடினால் ஈரம் கோத்துக்கொள்ளும். நேற்றைய சாம்பார் வாசனையும் காபியில் ஏறும்!

ஃபில்டரில் வெந்நீர் ஊற்றும்போது தூள் மெல்லப் பொங்கி எழும்பினால் அது புதுசு. அசையாமல் கிடந்தால் பழசு. நைஸாக மாவு போல அரைத்தால் ஃபில்டர் அடைத்து, டிகாக்‌ஷன் கடுங்கசப்பாக இறங்கும். ரவையை விடச் சற்று நைஸான பதம் போதும்.

உங்கள் வீட்டில் யாருக்கு எது?

* தூக்கம் வராத பெரியவர்களுக்கு: ஐந்து மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். அராபிகா 80, சிக்கரி 20 கலவை நல்லது. சாயங்காலக் காபியை மதியம் மூன்று மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ‘‘அந்த நேரத்துக்கு ஒரு வாய் இல்லேன்னா முடியாதும்மா’’ என்பவர்களுக்கு இரண்டாம் டிகாக்‌ஷனில் போட்டுக் கொடுங்கள். கஃபீனில் பெரும்பகுதி முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கியிருக்கும்.

* கர்ப்பிணிகளுக்கு: இந்தச் சமயத்தில் கஃபீன் உடம்பை விட்டு வெளியேற அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. டீ, கோலா பானங்கள், சாக்லேட் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். அராபிகா காபி ஒரு டம்ளர், மிஞ்சினால் இரண்டு. ரொபஸ்டா வேண்டாம்.

* ரத்த சோகை உள்ள பெண்களுக்கு: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்த சோகை. கீரை, கேழ்வரகு என்று தேடித் தேடிச் சாப்பிட்டுவிட்டு, டிபன் முடிந்த கையோடு காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடைபடும். இதற்கு எந்தக் கொட்டையும் விதிவிலக்கல்ல. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கவே கூடாது.

* தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு: வெறும் தண்ணீரில் மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி.

* ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு: கஃபீன் கொஞ்ச நேரத்துக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். ரொபஸ்டா அதிகமுள்ள தூளைத் தவிருங்கள். பரிசோதனைக்குப் போவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி கூடாது. நெஞ்செரிச்சல், படபடப்பு இருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

* கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு: காபி எண்ணெயில் கொலஸ்ட்ராலை ஏற்றும் பொருட்கள் உண்டு. தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே குடித்தால் இவை அதிகம் வரும். காகித ஃபில்டர் இவற்றைப் பெருமளவு தடுத்துவிடும்.

* குழந்தைகளுக்கு: எந்தக் கொட்டையும் வேண்டாம். பால் போதும்!

எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கியிருக்கிறீர்களா?

கல்யாண வீட்டில் ‘எஸ்பிரஸ்ஸோ’ என்று நுரை ததும்பத் தருவார்களே, அது வேறு. அசல் எஸ்பிரஸ்ஸோ, நைஸாக அரைத்த தூளின் ஊடே வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் இறக்குவது. இதற்குச் சிக்கரி கலக்காத சுத்தமான காபி வேண்டும். சிக்கரி பசை போல ஒட்டிச் சல்லடையை அடைக்கும்.

நடுத்தரத்துக்குச் சற்றுக் கூடுதலான வறுவல் பொருத்தம். முதலில் முழு அராபிகாவில் தொடங்குங்கள். மேலே படியும் பொன்னிற நுரை போதவில்லை என்றால், ஐந்தில் ஒரு பங்கு கழுவிய ரொபஸ்டா சேர்க்கலாம். இத்தாலிக்காரர்கள் நம் நாட்டு ரொபஸ்டாவை வாங்கிப் போவது இதற்காகத்தான். வறுத்த அன்றே பயன்படுத்தாமல் நான்கைந்து நாள் ஆறவிடுங்கள். புதுக் கொட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டிருப்பதால் நுரை அளவுக்கு மீறிப் பொங்கும். சின்னக் கிண்ணம்தானே என்று நாலைந்து குடித்துவிடாதீர்கள். 30 மில்லியில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது!

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. இதில் அராபிகா எவ்வளவு, ரொபஸ்டா எவ்வளவு?
2. என்றைக்கு வறுத்தது?
3. சிக்கரி எத்தனை சதவீதம்?
4. என் கண் முன்னால் கலந்து அரைத்துத் தருவீர்களா?

நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இனிமேல் ‘வழக்கமா வாங்குறதுதான்’ வேண்டாம். உங்கள் வீட்டில் யார் யார் குடிக்கிறார்கள் என்று யோசித்து, கேட்டு வாங்குங்கள். காபியை விட வேண்டியதில்லை. ஆளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி தேர்ந்தெடுத்தால் போதும்.