ஃப்ரீபிஎஸ்டி நிறுவியாயிற்று, அடுத்து என்ன?

இன்ஸ்டாலர் தன் வேலையை முடித்துவிட்டது. கணினி மறுபடி எழுந்து, கறுப்புத் திரையில் 'லாகின்' என்று காட்டி நிற்கிறது. அங்கே ஐகானும் இல்லை, மெனுவும் இல்லை. இனி எதைச் செய்வதானாலும் ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். அல்லது ஏதாவது ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

புதியவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தட்டிய கட்டளை உடனே வேலை செய்யும், ஆனால் கணினியை அணைத்தால் போய்விடும். கோப்பில் எழுதிய வரி நிலைத்திருக்கும், ஆனால் அடுத்த முறை பூட் ஆகும்போதுதான் பலன் தரும். ஆகவே பெரும்பாலான அமைப்புகளுக்கு 'இப்போதைக்கு', 'எப்போதைக்கும்' என்று இரண்டு பாதிகள் உண்டு. இரண்டையும் முடித்தோமா என்று ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்பவை ஃப்ரீபிஎஸ்டி 14 வரிசைக்கானவை. எல்லாவற்றையும் ரூட் கணக்கில் நுழைந்து செய்ய வேண்டும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. திரும்பி வர வழி

நிறுவும்போது இசட்எஃப்எஸ் கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், எதையும் தொடுவதற்கு முன் இதைத் தட்டுங்கள்:

பிஈசிடிஎல் கிரியேட் ஃப்ரெஷ்

இப்போதைய நிலை 'ஃப்ரெஷ்' என்ற பெயரில் பத்திரமாகிவிடும். பின்னால் எதையாவது கெடுத்துக்கொண்டால், பூட் மெனுவில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். யூஎஃப்எஸ் என்றால் இந்த வசதி கிடையாது. /ஈடிசி அடைவை வேறொரு பெயரில் நகலெடுத்து வையுங்கள்.

2. ஆர்சி.கான்ஃப்

'எப்போதைக்கும்' ஆன அமைப்புகளில் பெரும்பாலானவை /ஈடிசி/ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் இருக்கும். /ஈடிசி/டீஃபால்ட்ஸ் அடைவிலும் அதே பெயரில் ஒரு கோப்பு உண்டு. என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். அதில் எழுதக் கூடாது. பதிப்பு மாறும்போது அது மாற்றி எழுதப்படும்.

ஆர்சி.கான்ஃப் ஷெல் படிக்கிற கோப்பு. சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது; திறந்த மேற்கோள்குறியை மூடியே ஆக வேண்டும். மூட மறந்தால் பூட் பாதியில் நின்று, ஒற்றைப் பயனர் நிலையில் கொண்டுபோய் விடலாம். அங்கே கோப்பு முறை படிக்க மட்டுமே திறந்திருக்கும். 'மவுண்ட் -யூ /' என்று தட்டி எழுதும் அனுமதியைப் பெற்ற பிறகுதான் பிழையைத் திருத்த முடியும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 'சிஸ்ஆர்சி' கட்டளையைப் பயன்படுத்துங்கள். மேற்கோள்குறியை அதுவே போட்டுக்கொள்ளும். 'சிஸ்ஆர்சி -ஏ' என்றால் இதுவரை மாற்றியவை எல்லாம் பட்டியலாக வரும். மற்றக் கோப்புகளைத் திருத்த 'ஈஈ' என்ற எடிட்டர் போதும். அது கூடவே வருகிறது, விஐயைவிடப் பழக எளிது.

3. பெயர்

கணினிக்கு ஒரு பெயர் வையுங்கள். ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரு சிறு கோடு, இவை மட்டும் இருக்கட்டும்.

சிஸ்ஆர்சி ஹோஸ்ட்நேம்=பெயர்
ஹோஸ்ட்நேம் பெயர்

முதல் வரி எப்போதைக்கும், இரண்டாவது இப்போதைக்கு. அதே பெயரை /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 வரியின் கடைசியிலும் சேர்த்துவிடுங்கள்.

4. நேரம்

கடிகாரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். பிறகு இணையத்திலிருந்து எதையும் இறக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். 'டீஇசட்செட்அப்' என்று தட்டி, ஆசியாவுக்குள் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அது தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்கும்: மதர்போர்டுக் கடிகாரம் யூடிசி நேரத்தில் ஓடுகிறதா? கணினியில் ஃப்ரீபிஎஸ்டி மட்டும் இருந்தால், பயாஸிலும் யூடிசி நேரத்தையே வைத்து 'ஆம்' என்று சொல்லுங்கள். பக்கத்தில் விண்டோஸும் இருந்தால் 'இல்லை' என்று சொல்லுங்கள். விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைப்பது வழக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இந்தியாவிலும் இலங்கையிலும் நேரம் ஐந்தரை மணி தள்ளி நிற்கும்.

பிறகு இணையத்தோடு நேரத்தை ஒத்துவைக்கும் சேவை:

சிஸ்ஆர்சி என்டிபிடி_இனேபிள்=யெஸ்
சிஸ்ஆர்சி என்டிபிடி_சிங்க்_ஆன்_ஸ்டார்ட்=யெஸ்
சர்வீஸ் என்டிபிடி ஸ்டார்ட்

நடு வரியை விட்டுவிடாதீர்கள். நேர வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் என்டிபிடி திருத்த மறுத்து நின்றுவிடும். தொடங்கும்போது ஒரு முறை எவ்வளவு வித்தியாசத்தையும் திருத்திக்கொள்ள அந்த வரிதான் இடம் கொடுக்கிறது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளுக்கு இது கட்டாயம் வேண்டும்.

5. நெட்வொர்க்

'இஃப்கான்ஃபிக்' என்று தட்டினால் நெட்வொர்க் கார்டுகள் வரிசையாகத் தெரியும். பெயர் டிரைவரைப் பொறுத்தது: இன்டெல் கார்டு பெரும்பாலும் ஈஎம்0 அல்லது ஐஜிபி0, ரியல்டெக் ஆர்ஈ0. ரவுட்டரே முகவரி தருமானால் ஒரு வரி போதும்:

சிஸ்ஆர்சி இஃப்கான்ஃபிக்_ஈஎம்0=டிஹெச்சிபி

சர்வராக வைக்கப்போகிறீர்கள் என்றால் நிலையான முகவரி வேண்டும். அப்போது சமக்குறிக்குப் பின் 'ஐநெட் 192.168.1.10 நெட்மாஸ்க் 255.255.255.0' என்று மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள். 'டீஃபால்ட்ரவுட்டர்' என்ற அமைப்பில் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெயர் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'நேம்சர்வர்' என்ற சொல்லுக்குப் பின் எழுதுங்கள்.

இனி இப்போதைய பாதி:

சர்வீஸ் நெட்இஃப் ரீஸ்டார்ட்
சர்வீஸ் ரவுட்டிங் ரீஸ்டார்ட்

இவற்றைக் கணினியின் முன் உட்கார்ந்து தட்டுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகத் தட்டினால் உங்கள் இணைப்பை நீங்களே அறுத்துக்கொள்வீர்கள்.

பிங் செய்து சோதிக்கவும் ஒரு வரிசை உண்டு: முதலில் ரவுட்டர், அடுத்து வெளியே உள்ள ஓர் எண் முகவரி, கடைசியில் ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கோளாறு ரிசால்வ்.கான்ஃபில்தான்.

6. உங்களுக்கு ஒரு கணக்கு

ரூட் கணக்கிலேயே புழங்கக் கூடாது. 'ஆட்யூசர்' கட்டளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். பெரும்பாலானவற்றுக்கு என்டர் போதும். வேறு குழுக்களில் சேர்க்கவா என்று கேட்கும்போது மட்டும் 'வீல்' என்று எழுதுங்கள். வீல் குழுவில் இல்லாதவர் 'எஸ்யூ' கட்டளையால் ரூட்டாக மாற முடியாது. இயல்பான அமைப்பில் எஸ்எஸ்ஹெச் வழியாக ரூட்டாக நுழையவும் முடியாது. அதனால் வீல் குழுவை மறந்தால், நிர்வாக வேலை ஒவ்வொன்றுக்கும் கணினியின் முன்னால் வந்து உட்கார வேண்டியிருக்கும்.

7. புதுப்பித்தல்

ஃப்ரீபிஎஸ்டியில் அடிப்படை அமைப்பு வேறு, மேலே போடும் மென்பொருள் வேறு. அடிப்படைக்கு:

ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஃபெட்ச்
ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால்

மற்றவற்றுக்கு 'பிகேஜி'. முதல் தடவை தட்டும்போது அது தன்னையே நிறுவிக்கொள்ள அனுமதி கேட்கும், கொடுங்கள். அமைப்புக் கோப்புகளும் இப்படியே பிரிந்திருக்கும்: அடிப்படைக்கு உரியவை /ஈடிசியில், பிகேஜி வழியாக வந்தவற்றுக்கு உரியவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசியில்.

8. சேவைகளும் ரூட்டின் தபாலும்

தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் வேண்டுமென்றால், இரண்டு பாதியும் இதோ:

சர்வீஸ் எஸ்எஸ்ஹெச்டி இனேபிள்
சர்வீஸ் எஸ்எஸ்ஹெச்டி ஸ்டார்ட்

எந்தெந்தச் சேவை வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காத்திருக்கிறது என்று 'சாக்ஸ்டாட் -எல்' காட்டும். தேவையில்லாததை நிறுத்திவிடுங்கள்.

தினமும் அதிகாலை 3:01க்குக் கணினி தன்னைத் தானே சோதித்து, அறிக்கையை ரூட்டுக்கு மெயிலாக அனுப்பும். வட்டில் இடம் குறைவதும், யாராவது கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததும் அதில் தெரியவரும். /ஈடிசி/ஏலியஸஸ் கோப்பில் 'ரூட்:' என்று எழுதி, பக்கத்தில் உங்கள் கணக்கின் பெயரைப் போட்டால் அது உங்களுக்கு வந்து சேரும். இரவில் அணைத்துவைக்கும் கணினியில் இந்தச் சோதனை நடக்கவே நடக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

9. மறுபடி பூட் செய்யுங்கள்

ஷட்டவுன் -ஆர் நவ்

இதுதான் இறுதிச் சோதனை. எழுந்ததும் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, எஸ்யூ போட்டு, 'ஹோஸ்ட்நேம்', 'டேட்', 'இஃப்கான்ஃபிக்', 'சர்வீஸ் -ஈ' நான்கையும் தட்டிப் பாருங்கள். பூட் செய்யும் முன்பு வரை வேலை செய்தது இப்போது இல்லை என்றால் அதன் 'எப்போதைக்கும்' பாதியை எழுத மறந்திருக்கிறீர்கள். காரணம் பிடிபடாவிட்டால் /வார்/லாக்/மெசேஜஸ் கோப்பைப் படியுங்கள்.

எல்லாம் சரியென்றால் பிஈசிடிஎல் வைத்து இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 'சிஸ்ஆர்சி -ஏ' காட்டும் பட்டியலையும் வேறொரு கணினியில் சேமித்து வையுங்கள். வட்டு கெட்டுப்போய் புதிதாக நிறுவ நேர்ந்தால், அந்தப் பட்டியலைப் பார்த்து ஆர்சி.கான்ஃப் முழுவதையும் திரும்ப எழுதிவிடலாம்.