கல்லூரியின் முதல் மாதம்

ஆட்டிசம் உள்ள பிள்ளை கல்லூரியின் முதல் மாதத்தில் தடுமாறுவது புத்திக் குறைவினால் அன்று. பழகிய பள்ளியின் ஒழுங்கு ஒரே நாளில் மறைந்து, அறையும் முகங்களும் மணிக்கு மணி மாறுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆதலால், வகுப்புகள் தொடங்குமுன்பே, கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் பிள்ளையுடன் சென்று, வாயிலிலிருந்து வகுப்பறை, நூலகம், கழிப்பறை வரை இரண்டு மூன்று முறை நடந்து பார்த்து, சத்தம் தாங்காதபோது ஒதுங்கி அமர ஓர் இடத்தையும் சேர்ந்தே தேர்ந்து வையுங்கள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எவர்சில்வர் தட்டுகள் மோதும் ஓசையே சிலருக்குச் சகிக்கவொண்ணாத வேதனை. கூட்டம் சேருமுன் உண்டு வர அனுமதி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. உரிய சான்றிதழ் இருந்தால், தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் அவகாசம் கோரலாம். விண்ணப்பத்தைப் பருவத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஆசிரியர்களிடம் எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். அந்தச் சுதந்திரம் அவனுக்கோ அவளுக்கோ உரியது.

மாலையில் தொலைபேசியில் பேசும்போது, “எப்படியிருக்கிறாய்?” என்னும் விடைகாண அரிய வினாவை விடுத்து, “இன்று எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள்.