இடுப்பு வலிக்கு ஏற்ற மெத்தை எது?

இடுப்பு வலியோடு திருவாடானைப் பகுதியிலிருந்து வருவோரில் பலர், "வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?" என்று எம்மிடம் கேட்பதுண்டு. மருத்துவ உலகமும் நெடுங்காலம் கெட்டியான படுக்கையையே பரிந்துரைத்து வந்தது. ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 313 பேரிடம் நடத்தப்பெற்று, 2003இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு வேறு விடை தந்தது. கெட்டி மெத்தையில் துயின்றோரைவிட, நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையில் துயின்றோருக்கு 90 நாள்களில் வலியும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன.

பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பும் சற்றே அமிழ வேண்டும். அப்போதுதான் முதுகெலும்பு நேராக இருக்கும். தரை அமிழாது. பழைய இலவம்பஞ்சு மெத்தையோ நடுவில் குழிந்து இடுப்பைத் தொங்கவிடும். கடைகளில் 'ஹைப்ரிட்' என விற்கப்படுவது, கீழே ஸ்பிரிங்கும் மேலே ஃபோம் அல்லது லேடெக்ஸும் கொண்டது. ஸ்பிரிங் தாங்கும், மேலடுக்கு இடங்கொடுக்கும். ஸ்பிரிங்குகளுக்கிடையே காற்றுப் புழங்குவதால், நம் கடலோரப் புழுக்கத்திற்கு முழு ஃபோம் மெத்தையைவிட இது ஏற்றது. ஆயினும் மேலடுக்கு மிக மென்மையானால் பருமனானவர் புதைந்துபோவார். முதியவர் எழ முடியாமல் தவிப்பார். வாங்குமுன் கடையிலேயே பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள், விற்பவர் முகஞ்சுளித்தாலும் சரி. மல்லாந்து படுத்து இடுப்பின்கீழ்க் கையை நுழையுங்கள். தாராளமாக நுழைந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே மறுத்தால் மிக மென்மை.

விலை கட்டுப்படியாகாதோர், பாயின்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை விரித்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். வலியோடு கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் மெத்தைக் கடைக்கன்று, உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்.