ஓடிய இன்ஜினா, நிற்கிற இன்ஜினா?

கேள்வி: 1943இல் என் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திரும்பிய நீராவி இன்ஜின்கள் இரண்டு ஜப்பானில் இருக்கின்றனவாம். புதுப்பித்த பிறகும் அவை பழைய இன்ஜின்கள்தானா? ஜப்பான் போனால் எதைப் பார்ப்பது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டுமே சி56 ரகம். 1935 முதல் 1939 வரை ஜப்பான் 160 இன்ஜின்களை இந்த ரகத்தில் கட்டியது. கிளைப்பாதைகளுக்கான எடை குறைந்த வண்டி என்பதால், அவசரமாகப் போட்ட தண்டவாளமும் மரப்பாலமும் இதைத் தாங்கும். போர் வந்ததும் முதல் 90 இன்ஜின்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஜப்பானியப் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். தாய்லாந்திலும் பர்மாவிலும் அதைவிடக் குறுகிய மீட்டர்கேஜ். ஆகவே சக்கரங்களை உள்ளே நெருக்கி வைத்துக் கப்பலேற்றினார்கள். நிலக்கரிக்குப் பதில் அங்கே விறகுதான் எரிந்தது.

சயாம்–பர்மா பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 25 அன்று கொன்கொய்டாவில் நடந்த திறப்பு விழாவில் ஓடியது சி5631. போருக்குப் பின் 46 இன்ஜின்கள் தாய்லாந்து ரயில்வேக்குப் போயின. சி5631 அங்கே 725 ஆனது, சி5644 735 ஆனது. இரண்டும் 1979இல் தாய்நாடு திரும்பின.

அதன் பிறகு வழி பிரிந்தது. பாதையில் பணியாற்றிய முன்னாள் ராணுவத்தினரின் முயற்சியால் சி5631 தோக்கியோ யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய், முகப்புக் கூடத்தில் நிற்கிறது. சி5644ஐ ஷிசுவோக்கா மாநிலத்தின் ஓய்காவா ரயில்வே வாங்கி, சக்கரங்களை மறுபடி அகலமாக்கி, 1980இல் பயணிகளை ஏற்றி ஓட்டியது.

ஓட வேண்டுமென்றால் பாய்லர் அழுத்தம் தாங்க வேண்டும். நெருப்புப்பெட்டித் தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைக்கும் ஸ்டே போல்ட்டுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது கணீரென்று ஒலிக்கும். உடைந்தது மந்தமாகக் கேட்கும். உடைந்ததை மாற்றலாம். தகடே தேய்ந்துவிட்டால் பாய்லருக்கே முழுக்கு. சி5644க்கு அதுதான் நேர்ந்தது. சி12 என்ற ரகத்துக்கும் இதே பாய்லர்தான் என்பதால், காட்சிக்கு நின்ற ஒரு சி12இன் பாய்லரைக் கழற்றி இதில் ஏற்றினார்கள். 2007இல், ஜப்பான்–தாய்லாந்து தூதரக உறவின் 120ஆம் ஆண்டுக்காக, தாய்லாந்து வண்ணத்தில் மீண்டும் ஓடியது. பிறகு சிவப்புச் சாயம் பூசிக் குழந்தைகள் கதையில் வரும் ‘ஜேம்ஸ்’ இன்ஜினாகவும் ஆக்கினார்கள்.

ஆக, இரண்டும் பழைய இன்ஜின்களே. பிழைத்த விதம்தான் வேறு. ஓடும் இன்ஜின் ஒவ்வொரு பழுதிலும் தன் இரும்பில் கொஞ்சத்தை இழக்கும். ஆனால் சூடு, புகை, எண்ணெய் வாடை, அதை இயக்கும் கைத்தொழில் எல்லாம் அதில் உயிரோடு இருக்கும். நிற்கும் இன்ஜினில் பழைய இரும்பு அதிகம் தங்கும்; ஆனால் அது தானாகப் பேசாது, பக்கத்துப் பலகைதான் அதற்காகப் பேசும். யாசுகுனியில் பாதை போட்ட சாதனைதான் முன்னால் நிற்கிறது, செத்தவர்களுக்கு இடமில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. நேச நாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலாயாத் தமிழர்களும் பர்மியரும் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போல் பல மடங்கு. சரியான கணக்கை எவரும் வைக்கவில்லை.

உங்கள் தாத்தாவுக்காகப் போகிறீர்கள் என்றால் என் யோசனை சி5631. பாதை முடிந்த பிறகும் தொழிலாளர்கள் பலரை வீட்டுக்கு விடவில்லை. குண்டு விழுந்த இடங்களைச் செப்பனிடவும், இன்ஜின்களுக்கு விறகு வெட்டவும் நிறுத்திக்கொண்டார்கள். பலகையை விட்டுவிட்டு நெருப்புப்பெட்டியின் வாயைப் பாருங்கள். அவர்கள் வெட்டிய விறகு போனது இப்படிப்பட்ட வாய்களுக்குள்தான்.