பழைய காருக்குப் பொருந்தும் வண்ணம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வண்ணம் இருப்பது பொருளிலா, ஒளியிலா, நம் கண்ணிலா? மூன்றும் சேர்ந்தே வண்ணம் என்பதுதான் இயற்பியல் தரும் விடை. பழைய அம்பாசிடர் காரின் பம்பரை ஒட்டிய தகடுகளைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவிய அம்பாசிடர், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. இன்று இருப்பவற்றைப் பேணுவோர்க்கு அடிக்கடி வரும் வேலை, அடிபட்டும் துருப்பிடித்தும் போகும் அத்தகடுகளைப் பூசுவது. வண்ணம் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போகாவிடில் மீண்டும் பூச வேண்டும், கூலி போய்விடும். என் தந்தையார் கார்ப் பட்டறையில் பெயிண்டர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாக நான் கல்லூரிக்கு வந்தேன். ஆகவே எனக்கு இது வெறும் பாடமன்று.

முதலாவது, எந்த வண்ணத்தைப் பின்பற்றுவது? வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நிறமிகளைச் சிதைப்பதால் பழைய பூச்சு வெளிறுகிறது. டிக்கியின் உட்புறத்திலும் கதவு ரப்பரின் அடியிலும் ஆதி வண்ணம் அப்படியே இருக்கும். முழுக் காரையும் பூசுவதாயின் அதனைக் கொள்ளலாம். தகட்டை மட்டும் பூசுவதாயின், பக்கத்துப் பகுதியைத் துடைத்துப் பாலிஷ் செய்து, அதில் தெரியும் வண்ணத்தையே கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எந்த ஒளியில் பார்ப்பது? சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியலைகளை நம் கண் மூன்று வகைக் கூம்புச் செல்களால் உணர்கிறது. இதனால் வெவ்வேறு நிறமிகள் கலந்த இரு பூச்சுகள் டியூப் லைட்டில் ஒன்றாகத் தோன்றி, வெயிலில் வேறுபடலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தையார் இச்சொல்லைக் கேட்டதில்லை. ஆனால், “பட்டறை வெளிச்சம் பொய் சொல்லும்” என்று கூறி, மாதிரித் தகட்டை வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பார்.

மூன்றாவது, ஈரத்தில் தெரியும் வண்ணம் காய்ந்தபின் மாறும். எனவே மாதிரியைக் காயவிட்டே ஒப்பிட வேண்டும். சிவப்பு, மஞ்சள் போன்றவற்றில் பிரைமரின் நிறம் ஊடுருவித் தெரியும் என்பதால், மாதிரிக்கும் அதே பிரைமரைப் பூச வேண்டும். மெட்டாலிக் பெயிண்டில் உள்ள அலுமினியத் துகள்கள் படியும் விதத்திற்கேற்ப வண்ணம் மாறித் தோன்றும். ஆகவே தகட்டைக் காரில் நிற்கும் நிலையிலேயே நிறுத்தி ஸ்பிரே செய்வது நலம்.

இறுதியாக ஒன்று. இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் பெயிண்ட் வகைகள் பலவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதனைத் தடுக்காது; சுத்தக் காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசமே வேண்டும். பட்டறையில் அநேகர் கைக்குட்டையோடுதான் நிற்கிறார்கள். நண்பர்களே, நாம் வகுப்பில் கற்பதை முதலில் கொண்டுசேர்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.