மலை தாண்டினாலும் மனசுக்கு உதவி உண்டு



விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். "போடி மனநல டாக்டர்கிட்ட பூப்பாறையில இருந்து போன்ல பேசலாமா? வேற மாநிலமாச்சே?" என்று ஓர் அக்கா கேட்டார்.

பேசலாம். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, பதிவு பெற்ற டாக்டர் எந்த மாநிலத்தில் இருப்பவருக்கும் போனில் ஆலோசனை தரலாம். சில மாத்திரைகளை மட்டும் போனில் எழுதித்தரக் கூடாது. அதற்கு நேரில்தான் போகணும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு நாடு முழுக்கச் செல்லும். வெறும் 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டியிருந்தால், பணம் கட்டும் முன் படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

கையில் காசில்லையா? 14416, டெலி மனஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். மொழி கேட்கும்போது தமிழைச் சொல்லுங்கள்.

தோட்டத்து மருந்து கைக்கெட்டும் ஊர் நம்முடையது. "சாகலாம் போல இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். மருந்து டப்பாவை அப்புறப்படுத்திவிட்டு 14416க்குப் பேசுங்கள். குடித்துவிட்டால் உடனே 108.

கூட்டத்தில் செய்ய: இரண்டு எண்களையும் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.